தேர்வும் மதிப்பும்: கிப்சன் லெஸ் பால், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிதார்களின் வரலாறு (1950–2005)

ஆய்வுச் சுருக்கம்

கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால், ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய இரு மின்கிதார்களுள் எதனைத் தேர்வது என்னும் வினா பெரும்பாலும் ஒலிப்பண்பு சார்ந்த வினாவாகவே பேசப்படுகிறது. இக்கருவிகளின் இன்றைய மதிப்பு அவை செய்யப்பட்ட தொழிற்கூடங்களில் உருவானதன்று. பழைய கருவிகளைக் கைமாற்றாக வாங்கிய கலைஞர்களின் தேர்வால் பின்னர் ஏற்பட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அத்தேர்வுக்கு முன்னோடிகளான அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் மதிப்பு வரலாற்றில் பெறும் இடமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்கிதார், லெஸ் பால், ஸ்ட்ராட்டோகாஸ்டர், ப்ளூஸ் இசை, இசைக்கருவித் தொழில், கைமாற்றுச் சந்தை.

முன்னுரை

உயர்விலை மின்கிதார் ஒன்றை வாங்க முனையும் கலைஞர் முன் வந்து நிற்கும் பெயர்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று 1952இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வெளிவந்த லெஸ் பால். மற்றொன்று 1954இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். முன்னது தடித்த, நீடித்த நாதம் உடையது என்றும், பின்னது தெளிந்த, மணியோசை போன்ற நாதம் உடையது என்றும் கூறுவது வழக்கம். இக்கூற்று பிழையன்று. ஆயினும், இவ்விரண்டும் தாம் பிறந்த பத்தாண்டில் தத்தம் நிறுவனத்தின் உச்சக் கருவிகளாக நிலைபெறவில்லை என்பதை அது விளக்காது. கிப்சன் பட்டியலில் லெஸ் பாலுக்கு மேலே உட்குடைவான, வளைமுக மின்கிதார்கள் இருந்தன. ஃபெண்டர் பட்டியலில் 1958 முதல் ஜாஸ்மாஸ்டரும் 1962 முதல் ஜாகுவாரும் ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட உயர்ந்த விலையில் வைக்கப்பட்டன. அவ்வாறாயின் 'உச்சக் கருவி' என்னும் தகுதியை இவற்றுக்கு வழங்கியவர் யார் என்னும் வினா எழுகிறது.

வீணையின் உறுப்புகளுக்கு வழங்கும் குதிரை, மெட்டு ஆகிய சொற்களே கிதாரின் ஒத்த உறுப்புகளுக்கும் இக்கட்டுரையில் ஆளப்படுகின்றன.

இரு தொழிற்கூடங்கள், இரு கொள்கைகள்

கிப்சன் 1902இல் நிறுவப்பட்டது. வயலினைப் போல மேற்பலகையை வளைவாகச் செதுக்கி மாண்டலினும் கிதாரும் செய்த ஆர்வில் கிப்சனின் முறையே அதன் அடித்தளம். 1950இல் அதன் தலைவரான டெட் மெக்கார்ட்டி, ஃபெண்டரின் திண்ணுடல் கிதார் விற்பனையாவதைக் கண்டபின் தம் நிறுவனத்துக்கும் ஒன்று தேவை என உணர்ந்தார். புகழ்பெற்ற கிதார் கலைஞரான லெஸ் பால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மரக்கட்டையின்மேல் தந்திகளைப் பூட்டித் தாம் அமைத்த கருவியைக் கிப்சனிடம் காட்டியிருந்தார். அப்போது அது பொருட்படுத்தப்படவில்லை. 1952இல் அவர் பெயரையே தாங்கி வந்த கருவியின் வடிவமைப்பில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் லெஸ் பாலின் கூற்றும் மெக்கார்ட்டியின் கூற்றும் முரண்படுகின்றன. மகோகனி உடலின்மேல் வளைவாகச் செதுக்கிய மேப்பிள் பலகை, பசையிட்டுப் பிணைத்த கழுத்து ஆகியவை கிப்சனின் பழைய மரபிலிருந்து வந்தவை என்பதில் மட்டும் ஐயமில்லை. பொன்வண்ணம் பூசப்பட்ட அம்முதல் மாதிரியின் பட்டியல் விலை 210 டாலர்.

மரபின் கைத்திறன் மிக்க அக்கருவி குறையோடுதான் வந்தது. கழுத்தின் சாய்வு போதாமையால் தந்திகளைக் குதிரையின் அடிப்புறமாகச் சுற்ற நேர்ந்தது. வலக்கையின் அடிப்பகுதியால் தந்தியை அழுத்தி ஓசையை அடக்கும் வழக்கமான முறைக்கு இடமில்லாமற் போயிற்று. 1953இல் இது திருத்தப்பட்டது. 1957இல் சேத் லவர் உருவாக்கிய 'ஹம்பக்கர்' என்னும் இரட்டைச் சுருள் ஒலியேற்பி பொருத்தப்பட்டது. எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரு சுருள்கள், மின்னிணைப்பிலிருந்து வரும் இரைச்சலைத் தமக்குள் கழித்துக்கொள்ளும். இரைச்சலை நீக்கவே அது செய்யப்பட்டது. தடித்த நாதம் அதன் உடன்விளைவு.

லியோ ஃபெண்டர் மரவேலைக்காரர் அல்லர்; வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். கிதார் வாசிக்கவும் அறியாதவர். கழுத்தையும் உடலையும் தனித்தனியே செய்து நான்கு திருகுகளால் இணைத்தால், கெட்ட உறுப்பைக் கழற்றி மாற்றலாம் என்பது அவரது எண்ணம். 1950இல் வெளிவந்த அவரது முதல் திண்ணுடல் கிதாரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று கலைஞர்கள் குறைகூறியதால், ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் வளைவாகச் சீவப்பட்டது. வாசித்துக்கொண்டே சுருதியை அசைக்க வில்சுருள் தாங்கிய குதிரை அமைந்தது. ஃபெண்டர் அதற்கு 'ட்ரெமோலோ' என்று பெயரிட்டார். ட்ரெமோலோ என்பது ஒலியளவின் அசைவையே குறிக்கும், சுருதியின் அசைவையன்று. எனினும் அப்பெயர்ப்பிழை இன்றளவும் நிலைத்துவிட்டது. ஒற்றைச் சுருள் ஒலியேற்பிகள் மூன்று. அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு மூன்று நிலைகள் மட்டுமே கொண்ட விசை. அவ்விசையை இரு நிலைகளுக்கு இடையே நிறுத்தி, இரு ஒலியேற்பிகளின் கலப்பொலியை எடுக்கக் கலைஞர்களே கண்டுகொண்டனர். ஐந்து நிலை விசையை ஃபெண்டர் பொருத்தத் தொடங்கியது 1977இல்தான்.

தந்தியின் அதிர்நீளத்திலும் இரண்டும் வேறுபட்டன: கிப்சனுக்கு 24¾ அங்குலம், ஃபெண்டருக்கு 25½ அங்குலம். நீளம் குறைந்த தந்தியை அதே சுருதியில் சேர்க்க இழுவிசை குறைவாகவே வேண்டும். ஆகவே அதனை விரலால் வளைப்பது எளிது. 1954இல் சுருதி அசைப்பியுடன் கூடிய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249.50 டாலர். முதல் லெஸ் பாலின் விலையை நோக்க, கைச்செதுக்கு மரபுடைய கருவியைவிடத் திருகால் இணைத்த கருவியே கூடுதல் விலையில் வந்தது கருதத்தக்கது.

விலைபோகாத கருவி

1958இல் லெஸ் பாலின் விற்பனை தளர்ந்திருந்தது. பொன்வண்ணத்தை நீக்கி, நடுவில் தேன்மஞ்சளும் விளிம்பில் செம்மையும் படரும் 'சன்பர்ஸ்ட்' பூச்சைக் கிப்சன் அறிமுகப்படுத்தியது. மேப்பிளின் வரியோட்டம் அப்பூச்சின் ஊடே தெரிந்தது. 1960 வரை ஏறத்தாழ மூன்றாண்டுகளில் செய்யப்பட்ட இவ்வகைக் கருவிகள் ஈராயிரத்துக்கும் குறைவு. விற்பனை மீளவில்லை. அடுத்து வந்தது இரு பக்கமும் கொம்புபோல் வெட்டிய, மெல்லிய உடலும் சுருதி அசைப்பியும் கொண்ட வேறொரு கருவி. ஃபெண்டரின் போட்டிக்குக் கிப்சன் அளித்த விடை அது. சிறிது காலம் லெஸ் பாலின் பெயரையே தாங்கியிருந்த அது பின்னர் எஸ்.ஜி. என அழைக்கப்பட்டது.

இன்று மிகுதியாகத் தேடப்படும் மின்கிதார்களுள் ஒன்று, தன் காலத்தில் போதிய வாங்குநர் இன்றி நிறுத்தப்பட்ட கருவி என்பதே இவ்வரலாற்றின் முதன்மைச் சான்று. அதன் குறைகள் என அன்று கருதத்தக்கவை யாவும் பின்னர்ச் சிறப்புகளாயின. செஞ்சாயம் வெயிலில் வெளுத்தது. இன்று ஒவ்வொரு கருவியின் வெளுப்பும் தனித்த அழகாகப் போற்றப்படுகிறது. ஒலியேற்பிச் சுருள்களின் சுற்றெண்ணிக்கை ஒரே சீராக இல்லை. இன்று அச்சீரின்மையே ஒவ்வொரு கருவிக்கும் தனிக்குரல் தந்ததாகக் கூறப்படுகிறது. எடை மிகுதி, நீடித்த நாதத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இக்காரணங்களுள் சில இயற்பியலுக்குப் பொருந்தலாம். ஆனால் அவை அனைத்தும் தேர்வு நிகழ்ந்தபின் கற்பிக்கப்பட்டவை.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் நிறுத்தப்படவில்லை. ஆயினும் 1965 சனவரியில் ஃபெண்டர் நிறுவனமே சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 130 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன்பின் செய்தவை தரத்தில் தாழ்ந்தவை என்னும் கருத்துப் பரவ, 'சி.பி.எஸ்.ஸுக்கு முந்தியது' என்பது சந்தையில் ஒரு தர முத்திரையாயிற்று. ஆகவே ஒரு கருவி நின்றுபோனமையாலும், மற்றொன்று கைமாறியமையாலும் 'பழையது' என்னும் தகுதியைப் பெற்றன. கலைஞர் தேர்வு, கடையில் கிடைக்கும் புதியவற்றுக்கு இடையே நிகழாமல், மறைந்துபோன இரண்டுக்கு இடையே நிகழத் தொடங்கியது.

லண்டனில் நிகழ்ந்த தேர்வு

1950களின் பெரும்பகுதியில் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதி பிரித்தானியாவில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1959இல் அது தளர்ந்தபோது ஹேங்க் மார்வினுக்கென வரவழைக்கப்பட்ட சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் அங்கு பெரும் வியப்பாகக் காணப்பட்டது. அதற்கு முன் ஆங்கிலேய இளைஞர் அக்கருவியை அறிந்தது பெரும்பாலும் பட்டி ஹோலியின் இசைத்தட்டு அட்டை வழியாகத்தான். எட்டாக்கனியாக இருந்த கருவியைப் படத்தில் பார்த்தே விரும்பக் கற்ற தலைமுறை அது.

எரிக் கிளாப்டனின் தேர்வும் அட்டைப்படத்திலிருந்தே தொடங்கியது. ப்ளூஸ் கலைஞர் ஃப்ரெடி கிங்கின் இசைத்தட்டு அட்டை ஒன்றில் அவர் கையில் லெஸ் பால் இருந்ததே தம்மை அதன்பால் ஈர்த்தது எனக் கிளாப்டன் பின்னாளில் கூறியுள்ளார். 1965இல் லண்டன் கடையொன்றில் கைமாற்றாக ஒரு லெஸ் பாலை அவர் வாங்கினார். இங்கு ஒரு நுட்பம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கிங்கின் கருவி ஒற்றைச் சுருள் ஒலியேற்பிகள் கொண்ட பொன்வண்ண மாதிரி. கிளாப்டன் வாங்கியதோ இரட்டைச் சுருள் கொண்ட சன்பர்ஸ்ட் வகை. பெயர் ஒன்று, நாதம் ஒன்றன்று. முன்மாதிரியைப் பின்பற்றுவதாக எண்ணி வாங்கியது வேறொரு கருவியாக அமைந்தது.

1966இல் ஜான் மேயால் குழுவினரின் 'புளூஸ் பிரேக்கர்ஸ்' இசைத்தட்டு லண்டன் டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயிற்று. ஜிம் மார்ஷலின் ஒலிபெருக்கியை மேடையில் வைக்கும் அளவுக்கே உரத்து வைத்துக் கிளாப்டன் வாசித்தார். ஒலிப்பதிவுக் கூட ஒழுங்குக்கு அது மாறானது. உச்ச அளவில் ஒலிபெருக்கி தன் எல்லையைக் கடந்து ஒலியைச் சிதைக்கிறது. வலிய குறிகையை அனுப்பும் இரட்டைச் சுருள் அச்சிதைவை விரைவுபடுத்துகிறது. இரைச்சலை நீக்கக் கண்டறிந்த உறுப்பு, சிதைந்த ஒலியின் வளத்துக்குக் கருவியாயிற்று. மெக்கார்ட்டியோ லவரோ எண்ணியிராத பயன் இது. அமெரிக்காவில் ஏறத்தாழ அதே காலத்தில் மைக் ப்ளூம்ஃபீல்டும் லெஸ் பாலுக்கு மாறினார். அங்கும் கைமாற்றுக் கடைகளில் பழைய லெஸ் பாலுக்குத் தேட்டம் பெருகியது.

1968இல் கிப்சன் லெஸ் பாலை மீண்டும் செய்யத் தொடங்கியது. ஆனால் வெளியிட்டவை ஒற்றைச் சுருள் கொண்ட பொன்வண்ண மாதிரியும் கரிய 'கஸ்டம்' மாதிரியும் மட்டுமே. கலைஞர்கள் தேடிய சன்பர்ஸ்ட் அவற்றுள் இல்லை. தன் கருவியை ஏன் தேடுகிறார்கள் என்பதைச் செய்தவரே அறியாதிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிளாப்டனின் அந்த லெஸ் பால் 1966 கோடையில் திருடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜிமி ஹென்றிக்ஸ் லண்டன் வந்தார். இடக்கைக்காரரான அவர், வலக்கைக்கெனச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாக்கி வாசித்தார். சுருதி அசைப்பியை அதன் எல்லைவரை அழுத்தி, பின்னூட்ட ஒலியை இசையாக மாற்றினார். கிளாப்டன் 1967இல் ஒரு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாங்கினார். 1970இல் 'லைலா' இசைத்தட்டில் அது ஒலித்தது. அதே ஆண்டில் நாஷ்வில் நகரக் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆறினை அவர் வாங்கினார். ஒவ்வொன்றின் விலையும் சில நூறு டாலர். மூன்றை நண்பர்களுக்கு அளித்துவிட்டு, எஞ்சிய மூன்றின் சிறந்த உறுப்புகளைச் சேர்த்து 'பிளாக்கி' என்னும் ஒரே கருவியாக்கினார். லியோ ஃபெண்டரின் திருகிணைப்புக் கொள்கை இங்கே முழுப்பயன் தந்தது. பசையால் பிணைத்த லெஸ் பாலில் இது எளிதில் இயலாது. பழுதுபார்ப்பை எண்ணி வகுத்த ஏற்பாடு, தேர்வையே கருவிக்குள் கொண்டுவந்தது: கலைஞர் முழுக் கருவியைத் தேராமல் உறுப்பு உறுப்பாகத் தேர்ந்தார்.

முன்னரே தேர்ந்தவர்கள்

மேற்கண்ட வரலாறு லண்டனில் தொடங்குவதுபோல் சொல்லப்படுவது வழக்கம். அவ்வாறு தொடங்குவதே ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. ஃப்ரெடி கிங் அட்டைப்படத்துக்காக அக்கருவியை ஏந்தியவர் அல்லர். அவர் தொழிலில் பயன்படுத்திய கருவி அது. மடி வாட்டர்ஸ் 1950களில் பொன்வண்ண லெஸ் பாலை வாசித்தார். ஹவ்லின் வுல்ஃப் குழுவின் ஹியூபர்ட் சம்லினும் அவ்வாறே. நற்செய்திப் பாடகர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1950களில் லெஸ் பாலையும், பின்னர் அதன் வழிவந்த வெண்ணிற எஸ்.ஜி. வகையையும் தேர்ந்தார். 1964 மே மாதத்தில் மான்செஸ்டரின் கைவிடப்பட்ட ரயில் நிலையமொன்றில் அவர் அக்கருவியுடன் பாடிய நிகழ்ச்சி பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பட்டி கை சிகாகோவில் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாசித்தார். 1965இல் லண்டனில் அவரைக் கண்ட அனுபவத்தைக் கிளாப்டன் தம் திருப்புமுனைகளுள் ஒன்றாகப் பலமுறை குறிப்பிட்டுள்ளார்.

எனவே கிளாப்டனின் இரு தேர்வுகளுக்கும் முன்னோடிகள் உண்டு; இருவரும் கறுப்பினக் கலைஞர்கள். அதைக் கிளாப்டன் மறைக்கவில்லை. மறைத்தது சந்தை. ஏல அட்டவணைகளில் கருவியின் 'வரலாறு' எனப்படுவது அதை வைத்திருந்தவரின் பெயர். அவர் யாரைப் பார்த்து அதனைத் தேர்ந்தார் என்பது அவ்வரலாற்றில் விலையாக மாறுவதில்லை. 1999இல் கிளாப்டனின் 'பிரௌனி' 4,97,500 டாலருக்கும் 2004இல் 'பிளாக்கி' 9,59,500 டாலருக்கும் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விலைபோயின. அத்தொகைகள் ஆன்டிகுவாவில் அவர் நிறுவிய போதை மீட்பு நிலையத்துக்குச் சென்றன. 2019இல் டேவிட் கில்மோரின் கரிய ஸ்ட்ராட்டோகாஸ்டர் 39,75,000 டாலரை எட்டியது. 'முதல் தேர்வு' என்னும் அளவுகோலால் பார்த்தால் இவ்வரிசை முற்றிலும் வேறாக அமைந்திருக்கும்.

பழமையின் மறு உற்பத்தி

நிறுவனங்கள் இதனைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தன. 1985இல் ஃபெண்டரைச் சி.பி.எஸ்.ஸிடமிருந்து அதன் ஊழியர் குழு வாங்கிற்று. 1986இல் கிப்சனும் கைமாறியது. 1987இல் ஃபெண்டர் தனிச்செய்முறைப் பட்டறை ஒன்றைத் தொடங்கியது. 1990களில் கிப்சனும் தன் பட்டறையில் 1950களின் மாதிரிகளை அளவு பிசகாமல் மீளச் செய்தது. 1995இல் ஃபெண்டர் ஒருபடி மேலே சென்று, பூச்சு உரிந்த, துருவேறிய தோற்றத்துடன் புதிய கருவிகளை விற்றது. 2006இல் 'பிளாக்கி'யின் 275 பிரதிகள் தலா 24,000 டாலர் விலையில் வெளியாயின. மூன்று பழைய கருவிகளிலிருந்து கலைஞர் ஒருவர் தேர்ந்து கோத்தது, தேர்வுக்கு இடமில்லாத பண்டமாகத் திரும்பி வந்தது.

முழுமையான மறு ஆக்கத்துக்கு ஒரு தடை மரத்திலேயே இருந்தது. 1959இன் லெஸ் பாலுக்கும், அவ்வாண்டு முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனது. 1992இல் அம்மரத்தின் பன்னாட்டு வணிகம் தடைப்பட்டது. அதற்கு முன்பே, 1960களின் நடுப்பகுதியில், இரு நிறுவனங்களும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியிருந்தன. தமிழில் ஈட்டி, தோதகத்தி எனப்படும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியது. தமிழ்நாட்டில் அதற்கெனத் தனிப் பாதுகாப்புச் சட்டமே இயற்றப்பட்டது. கிதார் ஆர்வலர்களிடையே பிரேசில் மரம் உயர்ந்தது, இந்திய மரம் அதற்கு மாற்று மட்டுமே என்னும் தரவரிசை நிலவுகிறது. ஒரு நிறுவனத்தின் கொள்முதல் மாறிய ஆண்டும் கலைஞர் மதித்த காலத்தின் முடிவும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தமை, இத்தரவரிசையில் செவியைவிட நாட்காட்டிக்கே பங்கு மிகுதியோ என ஐயுறச் செய்கிறது.

இரண்டுள் ஒன்று என்னும் வினாவையே மறுத்தவர் மேரிலாந்து மாநிலத்தின் பால் ரீட் ஸ்மித். 1985இல் அனாபொலிஸ் நகரில் அவர் தொடங்கிய தொழிற்கூடத்தின் கிதாரில் தந்தியின் அதிர்நீளம் 25 அங்குலம். கிப்சன், ஃபெண்டர் அளவுகளுக்கு இடைப்பட்டது. செதுக்கிய மேப்பிள் மேற்பலகையும் இரட்டைச் சுருளும் கிப்சன் வழியின. சுருதி அசைப்பி ஃபெண்டர் வழியது. முதுமையில் இருந்த டெட் மெக்கார்ட்டியைத் தேடிச் சென்று, 1950களின் செய்முறைகளை அவரிடமே ஸ்மித் கேட்டறிந்தார். 1994இல் மெக்கார்ட்டியின் பெயரிலேயே ஒரு மாதிரியும் வெளிவந்தது. கிப்சனில் கலைஞர் லெஸ் பாலின் பெயருக்குப் பின்னால் நின்ற நிருவாகி, தம் பெயர் பொறித்த கருவியைப் போட்டி நிறுவனத்தில் கண்டார்.

2000இல் ஸ்மித் நிறுவனம் ஒரு பக்கம் மட்டும் வெட்டிய உடலுடன் ஒரு மாதிரியை வெளியிட, அது லெஸ் பாலின் உருவத்தைக் கவர்ந்ததெனக் கிப்சன் வழக்குத் தொடுத்தது. 2004இல் மாவட்ட நீதிமன்றம் அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. 2005 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. விற்பனை செய்யும் இடத்தில் வாங்குபவர் இரண்டையும் மாற்றி எண்ணக் குழம்பமாட்டார் என்பதைக் கிப்சனே ஒப்புக்கொண்டிருந்தது அத்தீர்ப்பில் முக்கியமாயிற்று. மெக்கார்ட்டி அதனை அறிய வாய்க்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2001 ஏப்ரலில், அவர் காலமானார்.